இலைச்சாற்றில் செய்த வெள்ளி நானோத்துகளின் பாதுகாப்பை ஆய்வது எப்படி? நெல்லை வட்டார மாணவர்களுக்கு ஒரு வழிகாட்டி

நெல்லை, தென்காசி, தூத்துக்குடி வட்டாரக் கல்லூரிகளில் முதுநிலை அறிவியல் மாணவர்கள் விரும்பி எடுக்கும் திட்ட ஆய்வு ஒன்று உண்டு. ஒரு மூலிகையின் இலைச்சாற்றை வெள்ளி நைட்ரேட் கரைசலில் கலந்து, வெள்ளி நானோத்துகள் (மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கினும் சிறிய நுண்துகள்) உருவானதன் அடையாளமாகக் கரைசல் பழுப்பாவதைக் கண்டு, நிறமாலைமானியில் 400 முதல் 450 நானோமீட்டருக்குள் ஒரு முகடு எழுவதை உறுதிசெய்து, பின்னர் அகார் தட்டில் பாக்டீரியா வளராத வட்டத்தை அளந்து முடிப்பார்கள். அந்த ஆய்வேடுகள் பலவற்றின் முடிவுரையில் 'நச்சற்றது, சுற்றுச்சூழலுக்கு உகந்தது' என்ற வரி எந்தச் சோதனையும் இல்லாமல் இடம்பெறுகிறது. ஓர் அத்தியாயத்தில் பாக்டீரியாவைக் கொல்கிறது என்று காட்டிய பொருளை, அடுத்த அத்தியாயத்தில் எவ்வுயிருக்கும் தீங்கற்றது என்று சொல்வதற்கு, எந்தச் செறிவில், எந்த நீரில், எத்தனை மணி நேரத்தில் என்ற மூன்றுக்கும் விடை கையில் இருக்க வேண்டும். அந்த விடைகளைச் சாதாரணக் கல்லூரி ஆய்வகத்தில் பெறும் முறையை இங்கே விளக்குகிறேன்.

முதலில் இலையைப் பற்றி ஒரு சொல். ஆண்டுதோறும் புதிய இலையைத் தேடிப் பொதிகை மலைப்பக்கம் போவதில் ஆய்வுக்குப் பெரிய லாபம் இல்லை. களக்காடு–முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் செடி பறிக்க வனத்துறையின் அனுமதியும் வேண்டும். கல்லூரி வளாகத்து வேப்பிலையே போதும். புதுமை கேள்வியில் இருக்கட்டும்.

அடுத்தது, துகளை எந்த நீரில் சோதிப்பது என்பது. வாலைவடிநீரில் துகள் நடந்துகொள்வதுபோல் ஆற்று நீரில் நடந்துகொள்ளாது. குறுக்குத்துறையில் எடுத்த தாமிரபரணி நீரை வடிகட்டிச் சோதனைக் குழாயில் ஊற்றி, வெள்ளி நைட்ரேட் கரைசலைச் சில சொட்டுகள் விட்டால் நீர் வெண்மையாக மங்கும். அதைச் சன்னலோர வெளிச்சத்தில் வைத்தால் அந்த வெண்மை ஊதா கலந்த சாம்பல் நிறத்துக்கு மாறும். நீரிலுள்ள குளோரைடு வெள்ளி அயனியைப் பிடித்து வெள்ளி குளோரைடாக்குவதும், அது ஒளியில் சிதைவதுமே இதற்குக் காரணம். நானோத்துகளிலிருந்து கசியும் அயனிக்கும் இதே கதிதான். அதோடு நீரின் உப்புகள் துகள்களை ஒன்றோடொன்று ஒட்டித் திரளச் செய்கின்றன. இலைதழை மக்கிய கரிமப் பொருள் துகளின் மேற்பரப்பில் படிந்து அத்திரளலைத் தடுக்கவும் கூடும். சாக்கடை கலக்கும் இடத்தில் சல்ஃபைடு வெள்ளியை எளிதில் கரையாத வெள்ளி சல்ஃபைடாக்கி அதன் நச்சைக் குறைக்கிறது. ஆகையால் பாபநாசத்தில் ஒன்று, திருநெல்வேலி நகரைக் கடந்த இடத்தில் ஒன்று, ஆறு கடலில் சேரும் புன்னைக்காயல் கழிமுகத்தில் ஒன்று என நீர் எடுத்து, ஒவ்வொன்றின் பி.எச்., மின்கடத்துதிறன், குளோரைடு, கரைந்த கரிமக் கார்பன் ஆகியவற்றை அளந்துகொள்வது நல்லது. மழைக்காலத்து நீரும் கோடைக்காலத்து நீரும் வேறு வேறு என்பதால், எடுத்த மாதத்தையும் குறிக்க வேண்டும்.

துகளின் அளவைச் சொல்லும்போது எந்தக் கருவி சொன்னது என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும். எக்ஸ்-கதிர் விளிம்பு விளைவிலிருந்து கணக்கிடுவது படிகத்தின் அளவே தவிரத் துகளின் அளவு அன்று. ஒளிச்சிதறல் முறை துகளைச் சூழ்ந்த உறையையும் சேர்த்து அளப்பதால் பெரிய எண்ணைக் கொடுக்கும். ஊடுருவு எலெக்ட்ரான் நுண்ணோக்கி உலர்ந்த துகளைக் காட்டும். உயிரினம் சந்திப்பது ஆற்று நீரில் திரண்ட உருவத்தைத்தான் என்பதால், சோதனை நீரிலேயே தொடக்கத்திலும் 48 மணி நேரம் கழித்தும் ஒளிச்சிதறல் அளவை எடுப்பது அவசியம்.

சோதனை உயிரினமாக, நன்னீரில் வாழும் சிற்றுயிரான, நீர்த்தெள்ளு எனப்படும் டாஃப்னியாவைக் கொள்ளலாம். பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சிக்கான பன்னாட்டு அமைப்பான ஓ.இ.சி.டி.-யின் 202-ஆம் வழிகாட்டி நெறி இதற்கென்றே உள்ளது: பிறந்து 24 மணி நேரத்துக்கு உட்பட்ட குஞ்சுகள், ஒவ்வொரு செறிவுக்கும் குறைந்தது 20, ஐந்து செறிவுகள், 48 மணி நேரத்தில் அசைவிழந்தவற்றின் எண்ணிக்கை. துகள் இடாத ஒப்பீட்டுக் குவளையில் அசைவிழந்தவை 10 விழுக்காட்டைத் தாண்டினால் சோதனை செல்லாது. அந்நெறி கேட்கும் 18 முதல் 22 டிகிரி வெப்பநிலை சித்திரை மாத நெல்லையில் குளிர்சாதனம் இல்லாமல் கிடைக்காது. வெப்பநிலைக் கட்டுப்பாட்டுப் பெட்டி இல்லாதவர்கள், நம் குளங்களில் வாழும், வெப்பம் தாங்கும் மொய்னா என்ற மற்றொரு நீர்த்தெள்ளை வளர்த்துச் சோதித்து, நெறியிலிருந்து விலகியதை வெளிப்படையாக எழுதிவிடலாம். மீனைச் சோதிக்க விரும்பினால் விலங்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதலை முன்பே பெற வேண்டும்.

இத்தகைய ஆய்வுகள் பெரும்பாலும் தடுக்கி விழும் இடம் ஒப்பீடு. துகள் இட்ட குவளை, இடாத குவளை என்ற இரண்டு மட்டும் போதா. இலைச்சாறு மட்டும் இட்ட குவளை ஒன்று வேண்டும். ஏனெனில் சாறே நீர்த்தெள்ளைக் கொல்லலாம். அதே அளவு வெள்ளியை வெள்ளி நைட்ரேட்டாக இட்ட குவளை ஒன்று வேண்டும். துகள் கலவையை, துகளைத் தடுத்துக் கரைந்த அயனியை மட்டும் விடும் 3 கிலோடால்டன் வடிகட்டியில் மையவிலக்கி, வடிந்த நீரை மட்டும் இட்ட குவளை மூன்றாவது. வடிந்த நீரே முழுக் கலவைக்குச் சமமாகக் கொன்றால், கொன்றது கரைந்த அயனி அல்லது சாற்றின் எச்சம். துகளுக்கென்று தனி நச்சைக் கோர முடியாது. வெள்ளி கண்ணாடிச் சுவரில் ஒட்டிக்கொள்ளும் தன்மையது. ஆகவே இட்டதாகக் கருதும் செறிவை நம்பாமல், தொடக்கத்திலும் முடிவிலும் மாதிரி எடுத்து, நைட்ரிக் அமிலம் சேர்த்துப் பாதுகாத்து, வெள்ளியின் அளவைக் காட்டும் அணு உட்கவர் நிறமாலைமானி உள்ள இடத்துக்கு அனுப்ப வேண்டும். செல் உயிரோடு இருந்தால் மஞ்சள் சாயம் ஊதாவாவதை அளக்கும் எம்.டி.டி. சோதனையைச் செய்வோர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: இலையின் பாலிஃபீனால்கள் செல்லே இல்லாமல் அச்சாயத்தை ஊதாவாக்கக் கூடியவை என்பதால், செத்த செல்கூட உயிரோடு இருப்பதாகக் கணக்கு வரும். செல் இல்லாத குழிகளில் சாற்றையும் துகளையும் இட்டுப் பார்த்தால் இது தெரிந்துவிடும்.

செய்பவரின் பாதுகாப்புக்கு முதல் வழி, துகளை உலர்த்தாமல் நீர்க்கலவையாகவே வைத்திருப்பது. உலர்ந்த பொடியைத் தராசில் இடும்போது மின்விசிறியை நிறுத்தி, ஆடிக்காற்று புகாதபடி சன்னலைச் சாத்தி, முடிந்தால் புகைபோக்கி அறைக்குள் வைத்து, நைட்ரைல் கையுறையும் என்95 முகக்கவசமும் அணிய வேண்டும். சிந்தியதைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடைக்க வேண்டும். அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் 2021-இல் வெள்ளி நானோப்பொருளுக்குப் பரிந்துரைத்த பணியிட வரம்பு, எட்டு மணி நேரச் சராசரியாக ஒரு கனமீட்டர் காற்றில் 0.9 மைக்ரோகிராம் மட்டுமே.

கழிவை ஆய்வகக் கழுவுதொட்டியில் ஊற்றக் கூடாது. வழக்கமான 1 மில்லிமோலார் கரைசல் ஒரு லிட்டரில் ஏறத்தாழ 108 மில்லிகிராம் வெள்ளி இருக்கிறது. குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 10500 அனுமதிக்கும் அளவு லிட்டருக்கு 0.1 மில்லிகிராம். அந்த அளவுக்கு நீர்க்கச் செய்ய ஆயிரம் லிட்டருக்கு மேல் நீர் தேவைப்படும். கழிவு முழுவதையும், கழுவிய நீர் உட்பட, பெயரும் தேதியும் எழுதிய பழுப்புப் புட்டியில் சேர்த்து, உரிமம் பெற்ற அபாயகரக் கழிவு நிறுவனத்திடம் ஒப்படைக்க வேண்டும். அமோனியா கலந்த வெள்ளிக் கரைசலை மட்டும் எக்காரணம் கொண்டும் சேமித்து வைக்கக் கூடாது. நாள்பட அதில் வெடிக்கும் சேர்மம் உருவாகும்.

'நீடித்த தன்மை' என்று எழுத விரும்புவோர் அதையும் எண்ணாக்க வேண்டும். ஒரு லிட்டர் நீரை ஆவியாக்க மட்டுமே சுமார் 0.63 யூனிட் மின்சாரம் ஆகிறது. துகளைக் கழுவச் செலவான வாலைவடிநீர், உலர்த்தும் அடுப்பு ஓடிய மணி நேரம், மின்னுலை எரிந்த நேரம் ஆகியவற்றைக் குறிப்பேட்டில் எழுதி வந்தால் கணக்குத் தானாக வந்துவிடும். வெள்ளியைச் சுரங்கத்திலிருந்து எடுத்துச் சுத்திகரிக்கும் சுமை இதற்கு மேல். பிறகு, அதே வேலையை வேறு எது செய்கிறது என்று ஒப்பிட வேண்டும். நீரைக் கிருமிநீக்கம் செய்யவே துகள் என்றால், ஊராட்சி மேல்நிலைத் தொட்டியில் இடும் பிளீச்சிங் பவுடரோடு, ஒரே அளவு நீருக்கு, செலவையும் மின்சாரத்தையும் எஞ்சும் பொருளையும் ஒப்பிடலாம். துகள் தோற்றால் அதையும் அப்படியே எழுதலாம். அதுவும் ஒரு முடிவுதான்.

ஆய்வேட்டில் 'நச்சற்றது' என்று எழுதும் இடத்தில், எடுத்த நீரின் இயல்பு, அளந்த வெள்ளிச் செறிவு, வெப்பநிலை, ஒப்பீட்டுக் குவளைகளின் எண்ணிக்கை ஆகியவற்றை ஓர் அட்டவணையாக இட்டு, அதன் கீழே இந்த நீரில், இந்தச் செறிவு வரை, 48 மணி நேரத்தில் அசைவிழப்பு ஒப்பீட்டுக் குவளையைவிடக் கூடவில்லை என்று மட்டும் எழுத வேண்டும்.