பழைய பெரிய டிராக்டர் வாங்கப் போகிறீர்களா? முன்பணம் கொடுக்கும் முன் இதையெல்லாம் பாருங்கள்

ஆத்தூர், தலைவாசல், கெங்கவல்லி பக்கம் மக்காச்சோளமும் குச்சிக்கிழங்கும் போடுகிறவர்களில் பலர் 50 எச்.பி.க்கு மேற்பட்ட பழைய வண்டியைத் தேடுகிறார்கள். மாடலையும், எஞ்சின் ஓடிய மணி நேரத்தைக் காட்டும் ஹவர் மீட்டரையும் மட்டும் வைத்து விலை பேசாதீர்கள். மீட்டர் கேபிளைக் கழற்றிவிட்டு ஓட்டியிருக்கலாம், மீட்டரையே மாற்றியிருக்கலாம். வண்டி இதுவரை என்ன வேலை பார்த்தது என்பதுதான் முக்கியம். அதன் தடயத்தை அவ்வளவு எளிதில் மறைக்க முடியாது.

கம்ப்ரசர் ஏற்றிக் கிணற்று வேலைக்கும் கல்குவாரிக்கும் போன வண்டி நின்ற இடத்திலேயே நாள் முழுக்க ஓடியிருக்கும். டயர் புதுசாகத் தெரியும், எஞ்சின் தேய்ந்திருக்கும். சேசிஸில் தேவையில்லாத போல்ட் துளைகள், வெல்டிங் தழும்பு, புது பெயிண்ட் மூன்றும் சேர்ந்து தெரிந்தால் அந்தச் சந்தேகம் வர வேண்டும். லோடர் மாட்டிய வண்டியில் முன் ஆக்சில் சென்டர் பின் ஆடும். இந்த இரண்டிலும் எஞ்சினும் கிளட்ச் ஹவுசிங்கும் சேரும் இடத்தைத் துணியால் துடைத்து, டார்ச் அடித்து விரிசல் பாருங்கள். அங்கே விரிசல் இருந்தால் எவ்வளவு மலிவானாலும் விட்டுவிடுங்கள்.

செங்கல், மணல் லோடு இழுத்த வண்டியில் டிரெய்லர் மாட்டும் கொக்கித் துளை முட்டை வடிவமாகத் தேய்ந்திருக்கும். கிளட்ச், பிரேக் பெடல் ரப்பர் வழுவழுப்பாகியிருக்கும். மீட்டர் 1,500 மணி நேரம் காட்டி, பெடல் இப்படி இருந்தால் மீட்டரை நம்பாதீர்கள். டெல்டாவில் கேஜ் வீல் (சேற்றில் ஓட்டும் இரும்புச் சக்கரம்) மாட்டிச் சேற்றுழவு செய்த வண்டிக்குப் பின் ஆக்சில் சீல்தான் பலவீனம். ஹைட்ராலிக் ஆயில் பால் கலந்த டீ போல இருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. பேரிங்கும் பம்பும் அடுத்துப் போகும்.

காலையில் போங்கள், வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் வைக்கச் சொல்லுங்கள். எஞ்சினைத் தொட்டால் சூடாக இருக்கக் கூடாது. ரேடியேட்டர் மூடியை ஆறியிருக்கும்போதே திறந்து பாருங்கள்; தண்ணீர்மேல் எண்ணெய்ப் படலம் மிதந்தால் ஹெட் கேஸ்கெட் அல்லது ஆயில் கூலர் கோளாறு. ஸ்டார்ட் ஆனதும் சற்று வெள்ளைப் புகை வந்து நிற்பது இயல்பு. நீலப் புகை விடாமல் வந்தால் எஞ்சின் ஆயில் எரிகிறது. சூடேறியபின் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் புகை குபுகுபுவென்று வெளியே தள்ளுகிறதா? அதுதான் பேக் கம்ப்ரஷன்; பிஸ்டன் ரிங் தேய்ந்து புகை கீழே இறங்குகிறது என்று அர்த்தம். எஞ்சின் வேலைக்கான செலவை விலையில் கழித்துப் பேசுங்கள்.

வெறும் வண்டியாக ரோட்டில் ஓட்டிப் பார்ப்பதில் பயனில்லை. ஆறடி ரோட்டவேட்டரை மாட்டி (வழக்கமாக 42 பிளேடு இருக்கும்) அரை மணி நேரமாவது ஓட்டுங்கள். சூட்டில் ஆயில் இளகியபிறகுதான் ஹைட்ராலிக்கின் உண்மை தெரியும். ரோட்டவேட்டரைத் தூக்கி எஞ்சினை நிறுத்துங்கள். சில நிமிஷத்திலேயே தரையைத் தொட்டால் சிலிண்டர் சீலோ வால்வோ கசிகிறது. கிளட்சுக்கு: பிரேக்கை அழுத்திப் பிடித்து, உயர் கியர் போட்டு, கிளட்சை மெதுவாக விடுங்கள். எஞ்சின் அமுங்கி நின்றுவிட வேண்டும்; நிற்காமல் ஓடினால் பிளேட் வழுக்குகிறது. பிறகு சரிவில் இறக்கி, ஆக்சிலேட்டரை விடுங்கள். கியர் தானாக நழுவி நியூட்ரலுக்கு வந்தால் கியர்பாக்ஸைப் பிரிக்க வேண்டியிருக்கும்.

2023 ஜனவரி 1 முதல் 50 எச்.பி.க்கு மேற்பட்ட புது டிராக்டர்களுக்கு டிரெம் 4 புகை விதி வந்தது. அதற்குப் பிந்தைய வண்டிகளில் பெரும்பாலும் சென்சாரும் இ.சி.யூ. என்ற கணினிப் பெட்டியும் வைத்து டீசலை அளந்து தெளிக்கும் காமன் ரெயில் எஞ்சின். சாவியைத் திருப்பியதும் எஞ்சின் எச்சரிக்கை விளக்கு எரிந்து, ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால் பல்பைப் பிடுங்கியிருக்கலாம். ஸ்கேனர் வைத்திருக்கும் மெக்கானிக்கைக் கூட்டிப் போங்கள். ஊர் மெக்கானிக்கையே நம்பி இருப்பவர்களுக்கு அதற்கு முந்தைய சாதா பம்ப் வண்டிதான் நல்லது.

டயரின் ஓரத்தில் நாலு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் தயாரானது. பட்டன் (டயரின் மேல் கட்டைகள்) உயரமாக இருந்தாலும் பக்கவாட்டில் வெடிப்பு ஓடியிருந்தால் அது பழைய டயர்தான். பின் டயர் ஜோடியின் விலையை ஒரு கடையில் கேட்டுவிட்டுப் பேரம் பேசுங்கள்.

சேர்வராயன் சரிவில் காப்பித் தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு இந்த அளவு வண்டி வேண்டாம். குடை சாயும் ஆபத்து அதிகம், மரத்துக்கு நடுவில் திரும்பவும் இடம் இருக்காது.

ஆர்.சி.யில் உள்ள எஞ்சின், சேசிஸ் எண்களை வண்டியில் பொறித்திருப்பதோடு ஒப்பிடுங்கள். சேசிஸ் எண்மேல் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்தால் திருத்திய இடம் தெரியும். ஆர்.சி.யில் கடன் பதிவு இருந்தால், வங்கியின் தடையில்லாச் சான்றும் கடன் பதிவை நீக்கக் கையெழுத்திட்ட படிவம் 35-ம் கைக்கு வரும்வரை முழுப் பணம் தராதீர்கள். பெயர் மாற்றப் படிவம் 29, 30; வேறு மாநில வண்டியானால் படிவம் 28-ல் ஆர்.டி.ஓ.வின் தடையில்லாச் சான்று (என்.ஓ.சி.). பதிவாகி 15 ஆண்டு முடிந்த வண்டியென்றால் ஆர்.சி. புதுப்பித்திருக்கிறதா பாருங்கள். டிரெய்லருக்குத் தனி ஆர்.சி. உண்டு, அதையும் கேட்டு வாங்குங்கள். முன்பணச் சீட்டில் சேசிஸ் எண், கூட வரும் கருவிகள், கடன் பதிவு நீக்கித் தர வேண்டிய தேதி மூன்றையும் எழுதி, விற்பவரிடமே கையெழுத்து வாங்குங்கள். புரோக்கர் கையெழுத்து போதாது.