ஒரே வைஃபை, ஐந்து பேர்: வீடியோ கால் திக்காமல் இருக்க

ஐந்து பேர் சேர்ந்து ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்திருக்கிறோம். இரவு ஒன்பது மணி ஆனால் யாராவது ஒருவரின் வீடியோ காலில் குரல் ரோபோ மாதிரி இழுக்கும். 50 எம்பிபிஎஸ் பிளானை 100 ஆக்கினோம். மாதச் செலவுதான் கூடியது. சிக்கல் வேகத்தில் இல்லை, வரிசையில்.

முதலில் அளந்து பாருங்கள். லேப்டாப்பில் கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து 8.8.8.8 என்ற கூகுள் சர்வர் முகவரிக்கு பிங் அனுப்புங்கள்: ஒரு சிறு செய்தி போய்த் திரும்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று காட்டும். விண்டோஸில் நான்கு பதிலோடு நின்றுவிடும். ஹைஃபன் டி (-t) சேர்த்தால் நீங்கள் நிறுத்தும்வரை ஓடும். எங்களுக்கு 15 மில்லிசெகண்ட் வந்தது. அது ஓடும்போதே இன்னொருவரை ஒரு பெரிய வீடியோவை அப்லோடு செய்யச் சொன்னேன். 400ஐத் தாண்டிவிட்டது!

அப்படியே இன்னொரு விண்டோவில் ரூட்டருக்கும் பிங் அனுப்புங்கள் (முகவரி பெரும்பாலும் 192.168.1.1). ரூட்டருக்கான எண்ணே தாவினால் கோளாறு வைஃபையில். அது சும்மா இருக்க, 8.8.8.8 மட்டும் ஏறினால் வெளியே போகும் லைனில். இதைப் பார்க்காமல் எந்த செட்டிங்கிலும் கை வைக்காதீர்கள்.

வைஃபை பக்கம் வேலை குறைவு. ஒரு சேனலில் ஒரு நேரத்தில் ஒரு கருவிதான் பேச முடியும். கோடி அறையில் சிக்னல் இல்லாமல் தவிக்கும் போன் மெதுவாகப் பேசி எல்லோரையும் காக்க வைக்கும். நகராத டிவியை லேன் கேபிளில் மாட்டுங்கள். ரூட்டருக்கு அருகில் இருப்பவர்கள் 5 கிகாஹெர்ட்ஸுக்குப் போகட்டும். 2.4இல் 1, 6, 11 ஆகிய சேனல்களில் நெரிசல் குறைந்ததை எடுத்து, அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸில் வையுங்கள்.

இனி லைன். ரயில்வே கவுன்டரில் உங்களுக்கு முன்னால் ஒருவர் இருபது பேருக்கு ரிசர்வேஷன் செய்கிறார், உங்களுக்கு வேண்டியது ஒரு பிளாட்ஃபாரம் டிக்கெட். அப்லோடு நடக்கும்போது உங்கள் குரல் நிற்பது அந்த இடத்தில்தான். இதற்குப் பெயர் பஃபர்ப்ளோட். கேத்லீன் நிக்கோல்ஸும் வான் ஜேக்கப்சனும் இந்த வரிசை நீளாமல் பார்த்துக்கொள்ள 2012இல் கோடெல் என்ற முறையை வெளியிட்டார்கள். அந்த வழியில் வந்த கேக், 2018இல் லினக்ஸ் 4.19இல் சேர்ந்தது. ஒவ்வோர் இணைப்புக்கும் தனி வரிசை போட்டு, மாற்றி மாற்றி அனுப்பும்.

கேக்குக்கு நாங்கள் எடுத்த வழி, ரூட்டரில் ஏற்றும் இலவச சாஃப்ட்வேரான ஓப்பன்டபிள்யூஆர்டி (OpenWrt). உங்கள் மாடல் அவர்கள் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டே இறங்குங்கள். தவறான ஃபைலை ஏற்றினால் ரூட்டர் செங்கல்தான்.

மற்ற எல்லோரையும் இன்டர்நெட்டிலிருந்து இறக்கிவிட்டு, லேன் கேபிளில் ஸ்பீடு டெஸ்ட் எடுங்கள். ஓப்பன்டபிள்யூஆர்டியின் சாஃப்ட்வேர் பக்கத்தில், வரிசையைக் கவனிக்கும் எஸ்க்யூஎம் (luci-app-sqm) பேக்கேஜை நிறுவினால் நெட்வொர்க் மெனுவில் எஸ்க்யூஎம் க்யூஓஎஸ் வரும். இன்டர்ஃபேஸாக, வெளி லைன் வந்து சேரும் வான் (WAN) போர்ட்டைத் தேர்ந்தெடுங்கள். வேகத்தைக் கிலோபிட்டில் கேட்கும்: அளந்ததில் 90 சதவீதம் போடுங்கள். எங்களுக்கு டவுன்லோடு 100, அப்லோடு 20. போட்டது 90000, 18000. பத்து சதவீதத்தை ஏன் விட வேண்டும் என்று நண்பன் சண்டை போட்டான். நம் ரூட்டர் கொஞ்சம் மெதுவாக அனுப்பினால்தான் வரிசை நம்மிடம் நிற்கும்; இல்லாவிட்டால் மோடத்தில் போய்க் குவியும், அங்கே நம் சொல் எடுபடாது.

க்யூ டிசிப்ளினில் கேக், ஸ்கிரிப்ட்டில் பீஸ் ஆஃப் கேக். லிங்க் லேயரில் ஈதர்நெட், ஓவர்ஹெட் 44. சேவ் செய்துவிட்டு பழைய சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். பிங் இன்னும் ஏறினால் 85 சதவீதத்துக்கு இறக்குங்கள். மலிவான ரூட்டரில் பிராசசர் திணறி வேகமே விழலாம். அப்போது இந்த வேலைக்கு அது போதாது.

எனக்கு முதல் நாள் எதுவும் மாறவில்லை. இன்டர்நெட் கம்பெனிக்காரர் பொருத்திய பெட்டியின் பழைய வைஃபை அணைக்கப்படாமல் இருந்தது. இரண்டு போன்கள் அதிலேயே ஒட்டிக்கொண்டு கேக்கைத் தொடாமல் வெளியே போய்க்கொண்டிருந்தன. அதை அணைத்ததும் அப்லோடு ஓடும்போதே பிங் 25க்குள் நின்றது.