960 கிலோமீட்டர்தானே என்று கிளம்புவதற்கு முன்

தட்டையாக விரித்த உலக வரைபடம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். வடக்கு நார்வேயின் ட்ரோம்சோவிலிருந்து ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டத்தின் லாங்யியர்பியேன் வரை ஸ்கேலை வைத்து அளந்து, அதே ஸ்கேலை இந்தியா மேல் வையுங்கள். காஷ்மீரின் வட நுனியிலிருந்து கன்னியாகுமரி வரைக்கும் கிட்டத்தட்ட அதே நீளம்தான் வரும். ஆனால் இந்தியாவின் நீளம் 3,214 கி.மீ. ட்ரோம்சோவுக்கும் லாங்யியர்பியேனுக்கும் இடையே வான்வழித் தூரம் சுமார் 960 கி.மீ.

பூமி உருண்டையைச் செவ்வகச் சட்டத்துக்குள் விரிக்கும் மெர்கேட்டர் முறையின் வேலை இது. துருவத்தை நெருங்க நெருங்க எல்லாம் இழுபடும். லாங்யியர்பியேன் இருக்கும் 78 டிகிரியில் ஏறக்குறைய 5 மடங்கு. கண்ணளவு அங்கே செல்லாது.

சரி, டிகிரியை வைத்துக் கணக்குப் போடலாம் என்றால் அதிலும் ஒரு குழி உண்டு. தீர்க்கரேகை ஒரு டிகிரிக்கு 111 கி.மீ. என்பது நிலநடுக்கோட்டில்தான் சரி. லாங்யியர்பியேனில் அது 23 கி.மீ.கூட இல்லை. கனடாவின் இகாலுயிட்டுக்கும் கிரீன்லாந்தின் நூக்குக்கும் தீர்க்கரேகை வித்தியாசம் சுமார் 17 டிகிரி. 111 ஆல் பெருக்கினால் 1,887 கி.மீ. வருகிறது, உண்மையில் பறக்கும் தூரம் 820 கி.மீ. போலத்தான். அலகையும் பார்த்துக்கொள்ளுங்கள்: 960 கி.மீ. என்பது ஏறத்தாழ 597 மைல், ஆனால் 518 கடல் மைல்.

அடுத்து நேரம். ஜெட் விமானம் மணிக்கு 840 கி.மீ. பறக்கும், 960ஐ வகுத்தால் 70 நிமிடம்கூட ஆகாது என்று தோன்றும். அட்டவணையிலோ ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் போட்டிருக்கும். விமானம் நிற்குமிடத்திலிருந்து நகரத் தொடங்கி, இறங்கிப் போய் நிற்கும் வரை உள்ளது அந்த நேரம். ஏறும்போதும் இறங்கும்போதும் முழு வேகம் கிடையாது. குளிர்காலத்தில் இறக்கை மேல் பனி நீக்கும் திரவம் அடிக்கும் வரைக்கும் காத்திருக்க வேண்டும், அது தனி.

இதையெல்லாம் விடப் பணத்தில் கைவைக்கும் தவறு ஒன்று உண்டு. இரண்டு ஊரும் நார்வேதானே, உள்நாட்டுப் பயணம்தானே என்று நினைப்பது. ஸ்வால்பார்ட் நார்வேயின் ஆட்சியில் இருந்தாலும், தங்களுக்குள் எல்லைச் சோதனை இல்லாத ஐரோப்பிய நாடுகளின் ஷெங்கன் பகுதியில் சேராது. அதனால் பாஸ்போர்ட் சோதனை உண்டு. ட்ரோம்சோ வழியாகப் போனால் சோதனை அங்கேயே நடக்கும், அதற்கும் நேரம் ஒதுக்க வேண்டும். ஸ்வால்பார்டுக்குள் நுழைய விசா கேட்பதில்லை. ஆனால் இந்தியப் பாஸ்போர்ட்டில் ஒருமுறை மட்டும் நுழையும் ஷெங்கன் விசா வாங்கியிருந்தால், நார்வேயில் வந்து இறங்கியபோதே அது செலவாகிவிட்டது. ட்ரோம்சோவை விட்டுக் கிளம்பினால் திரும்பி வர வழியில்லை. விண்ணப்பிக்கும்போதே இருமுறை நுழைவுக்குக் கேளுங்கள்.

அப்புறம், திரும்பும் நாளன்றே ஆஸ்லோவிலிருந்து ஊருக்கு டிக்கெட் போடாதீர்கள். லாங்யியர்பியேனில் மூடுபனி இறங்கினால் வருகிற விமானம் தரையிறங்காமல் ட்ரோம்சோவுக்கே திரும்பிவிடக்கூடும். அங்கிருந்து நார்வே நிலப்பகுதிக்குச் சாலையோ ரயிலோ கிடையாது. அடுத்த விமானம் வரும் வரை அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.