ஜார்கானாக உட்காரப் போகிறவருக்கு

எங்கள் வீட்டில் ஹீரோக்வெஸ்ட் என்ற பலகை விளையாட்டின் பெட்டியைத் திறந்தால் ஜார்கான் நான்தான். வேறு யாரும் முன்வருவதில்லை. நான்கு பேர் வீரர்களாக ஆட, ஒருவர் மட்டும் ஜார்கானாக அட்டைத் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து நிலவறையையும் அதிலுள்ள அரக்கர்களையும் நடத்தவேண்டும். 1989இல் வந்த பழைய ஆட்டம் இது. 2021இல் மறுபதிப்பு கண்டது. தாயம் ஆடிய கைக்குப் பகடை புதிதல்ல. ஆனால் இங்கே காய்க்குக் கோபம் வரும், கடனும் வாங்கும்.

முதல் ஆட்டத்தில் நான் ஜெயிக்கப் பார்த்தேன். மூன்று கோப்ளின் அரக்கர்களை அனுப்பி மந்திரவாதியை மூலையில் மடக்கினேன். மந்திரவாதிக்கு உடல் புள்ளி, அதாவது உயிர், நான்குதான். என் மகள் காயைப் பெட்டிக்குள் வைத்துவிட்டுத் தூங்கப் போய்விட்டாள். அரக்கர்கள் சாவதற்காகவே பெட்டியில் இருக்கிறார்கள் என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. கொஞ்சம் பயம் காட்டிவிட்டுச் சாக வேண்டும், அவ்வளவுதான்.

பாத்திரங்களைப் பங்கிடும்போது ஆளைப் பாருங்கள். பார்பேரியன் என்ற முரட்டு வீரனுக்கு எட்டு உடல் புள்ளி, தாக்க மூன்று பகடை. பொறுமையில்லாதவரிடம் அவனைக் கொடுங்கள். மந்திரவாதிக்குத் தாக்க ஒரே பகடை, ஆனால் ஒன்பது மந்திரங்கள். எல்ஃப் என்ற வீரனுக்கு மூன்று மந்திரங்கள். குள்ளன் பொறிகளைக் கருவிப்பெட்டி இல்லாமலே செயலிழக்கச் செய்வான். ஆடத் தொடங்கும் முன் ஒவ்வொருவரும் தன் பாத்திரத்துக்குப் பெயர் வைத்துத் தாளில் எழுதட்டும். பென்சிலால் எழுதச் சொல்லுங்கள். புள்ளிகள் ஏறி இறங்கும்.

சண்டைப் பகடையில் மூன்று முகம் மண்டை ஓடு, இரண்டு வெள்ளைக் கேடயம், ஒன்று கறுப்புக் கேடயம். தாக்குபவருக்கு மண்டை ஓடு விழவேண்டும். தடுக்கும்போது வீரருக்கு வெள்ளை, அரக்கருக்குக் கறுப்பு. ஆக, ஒரு பகடைக்கு அரக்கர் தடுப்பது ஆறில் ஒன்று. வீரர் தடுப்பது மூன்றில் ஒன்று. ஆட்டமே வீரர்கள் பக்கம் சாய்ந்திருக்கிறது. நீங்கள் வேறு எதிர்ப்பக்கம் இழுக்காதீர்கள்.

இதற்குமேல் எங்கள் வீட்டு விதி ஒன்று உண்டு. பகடையைக் கையில் எடுத்ததும், “எப்படி அடிக்கிறாய்?” என்று கேட்பேன். முதலில் எல்லோரும் விழித்தார்கள். ஒருநாள் குள்ளனாக ஆடிய அக்கா மகன், “மாமா, இவன் உயரத்துக்கு ஓர்க் அரக்கனின் தலை எட்டாது. மேசைமேல் ஏறிக்கொள்கிறான்” என்றான். அந்த அறையில் அட்டை மேசை உண்மையிலேயே இருந்தது. ஒரு பகடை கூடுதலாகக் கொடுத்தேன். அதன்பிறகு யாரும் வெறுமனே பகடையை உருட்டவில்லை. மேசை, அலமாரி, கல்லறை என்று அறையில் கிடப்பதையெல்லாம் கதைக்குள் இழுத்தார்கள். மூன்றாவது முறையும் மேசைமேல் ஏறினால் மட்டும் பகடை கிடையாது. மேசை உடைந்துவிட்டது என்று சொல்லிவிடுவேன்.

கதவு திறக்கும்வரை அறைக்குள் எதையும் வைக்காதீர்கள். திறந்ததும் காயை எடுக்குமுன் ஒரு வரி சொல்லுங்கள்: “ஈர மண் வாசனை. உள்ளே யாரோ எலும்பைக் கடிக்கும் சத்தம்.” ஒரு வரி போதும். நான் ஒருமுறை ஒரு பத்தி எழுதிவந்து வாசித்தேன். நடுவிலேயே பார்பேரியன் உள்ளே நடந்துவிட்டான்.

பணிகள், அதாவது நிலவறைப் பயணங்கள், மொத்தம் பதினான்கு. ஒன்று முடிந்ததும் பெட்டியை மூடிவிடாதீர்கள். தங்கத்தைச் செலவழிக்கும் நேரம் அது. அகன்ற வாள் 250 பொன். குள்ளனிடம் 180தான் இருந்தது. மந்திரவாதியிடம் கேட்டான். மந்திரவாதியால் அந்த வாளைத் தூக்க முடியாது, காசு மட்டும் இருந்தது. “திருப்பித் தருவாயா?” என்றாள் மகள். “அடுத்த குகையில் உன் முன்னால் நான்தான் நிற்பேன்” என்றான் அவன். அவள் தாளை எடுத்து, ‘70 பொன், கடன்’ என்று எழுதினாள். பேனாவால்.