பிள்ளைகளோடு ஒரு காகிதக் காற்றாடி

ஆடிக் காற்று வீசும்போது பிள்ளைகளோடு உட்கார்ந்து செய்ய இதைவிட நல்ல விளையாட்டுப் பொருள் எனக்குத் தெரியவில்லை. பழைய மாதக் காலண்டர் தாள் ஒன்று போதும். தினசரித் தாள் மெலிசு, காற்றில் துவண்டுவிடும்.

15 செ.மீ. சதுரமாக வெட்டுங்கள். மூலைக்கு மூலை மடித்துப் பிரித்தால் நடுவில் குறுக்குக்கோடு விழும். நான்கு மூலைகளிலிருந்தும் கோட்டின் மேலேயே 8 செ.மீ. வரை கத்தரியுங்கள். நடுவை வெட்டிவிடக் கூடாது. இப்போது எட்டு முனைகள் இருக்கும். ஒன்று விட்டு ஒன்றாக நான்கை மட்டும் நடுவுக்கு வளைத்துக் கொண்டுவாருங்கள். அழுத்தி மடிக்காதீர்கள். அந்த வளைவுக்குள் காற்று புகுந்து தள்ளுவதால்தான் காற்றாடி சுற்றுகிறது.

இனி குண்டூசி வேலை, அது பெரியவர்களுடையது. நான்கு முனைகளையும் நடுத்தாளையும் சேர்த்துக் குத்தி, துளையைக் கொஞ்சம் பெரிதாக்குங்கள். பின்பக்கம் ஒரு பாசிமணி கோத்து, ரப்பர் வைத்த பென்சிலின் ரப்பரில் ஊசியை இறக்குங்கள். பலர் மணியை விட்டுவிடுகிறார்கள். தாள் பென்சிலில் உரசி நின்றுவிடும், குழந்தையின் முகம் வாடிப்போகும். ஊசிமுனை வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று தடவாமல் கண்ணால் பாருங்கள்.

பனை ஓலையும் கருவேல முள்ளும் கிடைக்கும் ஊர்க்காரர்கள் ஓலைக் காற்றாடியையும் செய்து காட்டுங்கள். முள்தான் அதற்கு அச்சு. கையில் பிடித்துக்கொண்டு தெருவில் ஓடினால் விர்ரென்று சுற்றும்.