வேதியியலில் பொறியியல் மாணவர்கள் சறுக்கும் இடங்கள்

பொறியியலில் சேர்ந்த பலருக்கு வேதியியல் முதல் ஆண்டோடு முடிந்துபோகும் பாடம். சுற்றுச்சூழல் பாடத்துக்கு அந்த மரியாதைகூடக் கிடைப்பதில்லை. கொதிகலன் குழாயில் உப்பு படிவதும், இரும்பு போல்ட் அரித்துப்போவதும், ஆலைக் கழிவு ஆற்றில் கலப்பதும் இந்த இரண்டு பாடங்களுக்குள் அடங்கியவை. அதனால்தான் இவற்றில் வரும் தவறுகள் என்னை உறுத்துகின்றன.

முதலில், நீரின் அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச். கழிவுநீரின் பிஎச் 6-லிருந்து 3-க்கு இறங்கினால் ‘பாதியாகக் குறைந்தது’ என்று விடைத்தாளில் எழுதுகிறார்கள். பிஎச் மடக்கை அளவு. ஒவ்வொரு எண் இறங்கும்போதும் ஹைட்ரஜன் அயனிச் செறிவு 10 மடங்கு கூடும். இங்கே கூடியிருப்பது 1000 மடங்கு. வலிமையான அமிலம் கலந்து பிஎச் 3 ஆன ஒரு லிட்டர் நீரை, வெறும் தண்ணீர் ஊற்றியே 6-க்குக் கொண்டுவர ஏறத்தாழ ஆயிரம் லிட்டர் ஆகும். ‘தண்ணீர் விட்டால் சரியாகிவிடும்’ என்ற நினைப்பு எவ்வளவு தவறானது என்று இதிலேயே தெரியும்.

நீரின் கடினத்தன்மைக் கணக்கிலும் இப்படித்தான். நீரில் கரைந்த கால்சியம், மக்னீசியம் உப்புகளால் வருவது அது; கால்சியம் கார்பனேட் அளவாக மாற்றித்தான் அதைச் சொல்ல வேண்டும். கால்சியம் குளோரைடு 111 மி.கி., மக்னீசியம் சல்ஃபேட் 120 மி.கி. என்று கொடுத்தால், கூட்டி 231 என்று முடித்துவிடுவார்கள். இரண்டும் தனித்தனியே 100 மி.கி. கால்சியம் கார்பனேட்டுக்குச் சமம், விடை 200. கணக்கில் சோடியம் குளோரைடும் இருந்தால் அதைத் தொடவே வேண்டாம், அது கடினத்தன்மை தராது. கொதிக்கவைத்தால் எல்லாக் கடினத்தன்மையும் போய்விடும் என்பதும் தவறு. பைகார்பனேட்டால் வந்தது மட்டுமே போகும்.

இதே கடினத்தன்மையை, கால்சியம், மக்னீசியம் அயனிகளைப் பிடித்துக்கொள்ளும் ஈடிடிஏ என்ற வேதிப்பொருளைக் கொண்டு ஆய்வகத்தில் அளக்கும்போது, குடுவையில் நிறங்காட்டி தரும் ஒயின் சிவப்பு மாறி ஊதா தெரிந்ததுமே பியூரெட்டை மூடிவிடுகிறார்கள். முடிவுப் புள்ளி அதுவல்ல. சிவப்புச் சாயல் சிறிதும் இல்லாத தெளிந்த நீலம் வரவேண்டும். கடைசிக் கட்டத்தில் வினை மெதுவாக நடக்கும். ஒரு துளி விட்டு, குலுக்கி, பார்த்து, பிறகு அடுத்த துளி. பிஎச்-ஐ 10-லேயே நிறுத்திவைக்கும் பஃபர் கரைசலை ஊற்ற மறந்திருந்தால் எவ்வளவு கவனமாகத் துளி விட்டாலும் நிறமாற்றம் தெளிவாக வராது.

துருவைப் பற்றி ஒன்று. இரும்பின் மேல் துத்தநாகப் பூச்சும் வெள்ளீயப் பூச்சும் ஒரே வேலையைச் செய்வதாக நினைக்க வேண்டாம். கீறல் விழுந்தால் துத்தநாகம் தான் கரைந்து இரும்பைக் காக்கும். வெள்ளீயத்தில் கீறல் விழுந்தால், அந்தச் சிறு இடத்தில் இரும்பு முன்னைவிட வேகமாக அரிக்கும்.

ஓசோன் படலத்தில் விழுந்த ஓட்டையால்தான் பூமி சூடாகிறது என்று எழுதாத வகுப்பையே நான் பார்த்ததில்லை. ஓசோனை அழிப்பது குளோரோஃபுளோரோகார்பன் போன்ற வாயுக்கள். 1987 மாண்ட்ரியல் ஒப்பந்தம் அவற்றைக் கட்டுப்படுத்தத்தான் வந்தது. பூமி சூடாவதில் பெரும்பங்கு கரியமில வாயுவுக்கு. குளோரோஃபுளோரோகார்பன் வெப்பத்தையும் பிடித்துவைக்கும் என்பதால் குழப்பம் வருகிறது. ஆனாலும் இவை இரு வேறு சிக்கல்கள்.

எனக்கு அதிகம் வலிப்பது, நீரிலுள்ள மாசை வேதிமுறையில் ஆக்சிஜனேற்றம் செய்ய எவ்வளவு ஆக்சிஜன் தேவை என்று அளக்கும் சிஓடி சோதனை முடிந்த பிறகு நடப்பது. மாசு எவ்வளவு என்று அளந்து, பதிவேட்டில் ‘மிகவும் மாசடைந்த நீர்’ என்று எழுதிவிட்டு, குடுவையில் மிஞ்சியதை ஒரு மாணவர் அப்படியே சிங்க்கில் ஊற்றுகிறார். அதில் இருப்பவை செறிவான கந்தக அமிலம், குரோமியம், பாதரசம், வெள்ளி. எடுத்துவந்த மாதிரி நீரைவிட அது பல மடங்கு நஞ்சு. அதை அமிலத்தைத் தாங்கும், பெயர் எழுதி ஒட்டிய தனிக் கேனில் சேர்க்க வேண்டும். குடுவையை முதன்முதலில் அலசும் தண்ணீரும் அதே கேனுக்குத்தான் போகவேண்டும்.