கழிவுச் சேற்றுக் கரியால் பொஸ்பேட் நீக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கந்தளாய்க் குளத்து நீர் பாயும் தம்பலகாமம் வயல்களில் உரம் போட்ட கையோடு பெருமழை பெய்தால், பொஸ்பேட்டில் ஒரு பங்கு வடிகானோடு போய்விடும். அது தேங்கும் இடத்தில் பாசி மண்டும். கழிவுநீர்ச் சேற்றைக் கரியாக்கி அந்தப் பொஸ்பேட்டைப் பிடிக்கலாம் என்று திருகோணமலையில் செயற்றிட்டம் தொடங்கும் மாணவர்கள் பலருக்கு முதல் சோதனையிலேயே முகம் வாடிவிடும். கரி போட்ட பிறகு நீரில் பொஸ்பேட் கூடியிருக்கும்!

இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. பொஸ்பேட்டில் உள்ள மூலகமான பொஸ்பரசு சேற்றிலேயே நிறைய உண்டு. காற்றுக் குறைவாக விட்டுச் சூடாக்கும்போது கார்பனில் ஒரு பகுதி வாயுவாகப் போய்விடும், பொஸ்பரசோ பெரும்பாலும் கரியிலேயே தங்கிவிடும். போதாததற்கு, கரியின் மேற்பரப்பும் பொஸ்பேட்டும் எதிர்மின்னேற்றம் கொண்டவை, ஒன்றையொன்று தள்ளும். இரும்பு, மக்னீசியம், கல்சியம், லந்தனம் என ஏதாவதொன்றைக் கரியில் ஏற்றுவது இதனால்தான். ஏற்றிய பின்னும், பொஸ்பேட் இல்லாத சுத்த நீரில் அந்தக் கரியை ஊறவிட்டு எவ்வளவு கசிகிறது என்று பாருங்கள். பலர் தாண்டிப் போகும் படி இதுதான்.

கழுவுவதிலும் அவசரம் வேண்டாம். இரும்பேற்றுவதற்காக இரும்புக் குளோரைட்டில் ஊறிய கரியைச் சரியாகக் கழுவாவிட்டால், கழன்று வரும் இரும்பே பொஸ்பேட்டை வீழ்படிவாக்கிவிடும். வேலை செய்தது இரும்பு, பாராட்டு கரிக்கு!

அப்புறம் அலகு. ஒரு லீற்றரில் 1 மில்லிகிராம் பொஸ்பரசு என்றால் ஏறக்குறைய 3 மில்லிகிராம் பொஸ்பேட். எதை அளந்தீர்கள் என்று எழுதாவிட்டால் பெறுபேறு மூன்று மடங்கு பிழைக்கும். நானும் ஒருமுறை இதில் மாட்டி, ஒரு வார வேலையைத் திரும்பக் கணக்கிட்டேன்.

காய்ச்சி வடித்த நீரில் பொஸ்பேட் உப்பைக் கரைத்துப் பெற்ற எண்ணை வடிகானுக்கு அப்படியே பொருத்தவும் கூடாது. அங்கே பைகார்பனேட்டும் மக்கிய இலைதழையின் சாறும் கரியில் பொஸ்பேட் ஒட்டும் அதே இடத்துக்குப் போட்டிபோடும். காரத்தன்மை ஏறினால் இரும்பேற்றிய கரியின் பிடியும் தளரும். ஆகவே வயல் நீரையே அள்ளிவந்து சோதியுங்கள்.

பொஸ்பேட் ஏறிய கரியை உரமாக வயலில் கொட்ட ஆசை வரும். சரிதான், ஆனால் சேற்றில் இருந்த துத்தநாகம், செம்பு, ஈயம் போன்றவை கரியில் செறிந்திருக்கும். அவற்றை அளக்காமல் நெல்லுக்குப் போடாதீர்கள்.